“நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!”

மலைநாட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் வீடு திரும்பியதும் சரிவான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். சில்லுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள். விடிந்ததும் கல்லை அகற்றினால் வண்டி தானே உருளும். இரண்டாவது கியரைப் போட்டுக் கிளச்சை விட்டதும் இயந்திரம் உயிர் பெற்றுவிடும். பற்றரியின் தயவு வேண்டியதில்லை.

இது கெட்டிக்காரத்தனம் என்றே நானும் எண்ணியிருந்தேன், ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றில் கழித்த ஒரு மார்கழி இரவு வரையில்.

நள்ளிரவில் பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டது. தோட்டத்தில் இருந்தது ஒரேயொரு பழைய வான். அன்றைக்குப் பார்த்து, வழக்கமான சரிவில் வேறொரு லொறி நின்றமையால், வான் கோயிலடிச் சமதரையில் நிறுத்தப்பட்டிருந்தது. சாரதி சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே கேட்டது. “என்ன அண்ணே, இந்த நேரத்தில இப்படிப் பண்ணுது?” என்றான் அந்தப் பெண்ணின் கணவன். “நேற்று வரைக்கும் நல்லாத்தானே தம்பி இருந்துச்சு!” என்றார் சாரதி. எட்டுப் பேர் பனியில் வானைத் தள்ளிச் சரிவு வரை கொண்டுபோக இருபது நிமிடங்கள் சென்றன. இறைவன் அருளால் தாயும் சேயும் நலமே. ஆயினும் அந்த இருபது நிமிடங்களை எங்களில் எவரும் மறக்கவில்லை.

உண்மையில் அந்தப் பற்றரி முதல் நாள் வரை நன்றாக இருக்கவில்லை. அதன் நோயைச் சரிவு மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

நோய் வருவது எவ்வாறு?

1859ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே, ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்கும் கலத்தை அமைத்தார். நம் வண்டிகளிலுள்ள பற்றரி அதன் வழித்தோன்றலே. ஏறக்குறைய இரண்டு வோல்ட் தரும் ஆறு கலங்கள் சேர்ந்து பன்னிரண்டு வோல்ட் பற்றரி ஆகின்றன. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேற்று என்னும் வெண்ணிறப் பொருள் படியும். மின்னேற்றும்போது அது கரையும். பற்றரியை நெடுநாள் வறிதாக விட்டால் அப்படிவு இறுகிப் பின்னர் கரைய மறுக்கும். அதுவே பற்றரியின் மூப்பு.

இந்த மூப்பை விரைவுபடுத்துவது வெப்பம், வெளிப்படுத்துவது குளிர். ஹல்துமுல்லையின் இருப்பிடத்தை எண்ணிப் பாருங்கள். இரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கமிருந்து ஏறிவரும் வீதி இவ்வூரைக் கடந்து பேரகலையை அடைகிறது. அங்கிருந்து ஒரு கிளை அப்புத்தளைக் குளிருக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயா வெயிலுக்கு இறங்குகிறது. தாழ்நிலத்து வெப்பத்தில் பற்றரி சிறிது சிறிதாக வலுவிழக்கும். மலைக்குளிரிலோ அதன் இரசாயன மாற்றம் மந்தமாகும். இயந்திர எண்ணெயும் தடிப்பதால் அதைச் சுழற்றக் கூடுதல் பலம் தேவைப்படும். ஆகவேதான் பல நாள் நோய் ஒரு விடியற்காலையில் திடீர் மரணமாகத் தோன்றுகிறது.

நாடி பார்க்கும் முறை

முதலாவது, வயதை அறியுங்கள். சாதாரணமாகப் பற்றரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். வாங்கிய தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். மூன்றாண்டு கடந்ததும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கராஜில் சுமைச் சோதனை செய்விப்பது நலம்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு நாளாவது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மறுநாட் காலையில் சாவியால் இயக்கிப் பாருங்கள். இயந்திரம் சோம்பலாகச் சுழல்கிறதா? அவ்வேளையில் முன்விளக்கு மிகவும் மங்குகிறதா? அது எச்சரிக்கை. பற்றரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, வெடித்துக் கசிந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வீசினாலோ தாமதிக்கலாகாது.

மூன்றாவது, வோல்ட்மானியால் அளவிடுங்கள். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் வறிதாகிவிட்டது. முழுவதும் மின்னேற்றிய பின்னரும் ஒன்றிரண்டு நாளில் அது மீண்டும் தாழ்ந்தால், அல்லது இயந்திரத்தைச் சுழற்றும் கணத்தில் 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

வீண் செலவும் வேண்டாம்

பற்றரியின் விலை பல நாட் கூலியாகும். ஆகவே நோயைச் சரியாக அறியாமல் மாற்றுவதும் தவறு. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் துருவே சில வேளைகளில் குற்றவாளி. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதையே கடைசியிலும் கையாளுங்கள். அப்பச்சோடா கலந்த வெந்நீரால் முனைகளைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, இறுகப் பூட்டி, சிறிது வாசலின் தடவுங்கள். மூடி திறக்கும் வகையாயின், தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். ஊற்றுநீரும் ஆகாது, அமிலமும் ஆகாது. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படும். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடவே கூடாது.

இயந்திரம் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். அவ்வாறு ஏறாவிடின் குறை மின்பிறப்பாக்கியிலோ அதன் பட்டியிலோ இருக்கலாம். அதைச் சீர்செய்யாமல் புதிய பற்றரி போட்டால் அதுவும் விரைவில் படுத்துவிடும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பற்றரியை லயத்தின் பின்புறம் போட்டுவைக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அமிலத்தை ஓடையில் ஊற்றினால் கீழே குடியிருப்போர் அருந்தும் நீரும் கெடும். உடைக்காமல், கவிழ்க்காமல் பற்றரி வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டாதலால் ஏதேனும் கழிவும் கிடைக்கலாம்.

அந்த இரவுக்குப் பின் நம் சாரதி புதிய பற்றரி பூட்டினார். அதன்மேல் தேதி எழுதிய சிறு கடதாசி ஒட்டியிருக்கிறது. இப்போதெல்லாம் வான் கோயிலடிச் சமதரையிலேயே நிற்கிறது. “சரிவில நிறுத்தலையா அண்ணே?” என்று கேட்டேன்.

“வேணாங்க. அதுக்கு முடியலைன்னா, அது நமக்குப் பகல்லயே தெரியணும்” என்றார் அவர்.