நாட்டையே மாற்றிய ‘மாடல் டி’ கார்



காரைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் நம்மில் பலர் ஹென்றி ஃபோர்டு என்று சொல்வோம். அது சரியில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ், பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு 1886-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அப்போ ஃபோர்டு என்னதான் செய்தார்? பணக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற காரை, விவசாயி வீட்டு வாசலிலும் நிற்க வைத்தார். கார் பிறந்தபோது சமுதாயம் பெரிதாக மாறவில்லை. அதன் விலை குறைந்தபோதுதான் மாறியது. எப்படின்னு பார்ப்போமா?

குதிரைக் காலம்

1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் குதிரைகள் வேலை செய்தன. தெருவெல்லாம் சாணம், ஈ, நாற்றம். கிராமத்தில் வேறு கஷ்டம். அங்கே வீடுகள் நம்ம ஊர் மாதிரி ஒரே தெருவில் ஒட்டி ஒட்டி இருக்காது. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்துக்கு நடுவில் தனியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்கே வெகுதூரம் நடக்க வேண்டும். மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். டாக்டரைக் கூப்பிடவும், சந்தைக்குப் போகவும் குதிரை வண்டிதான்.

வந்தது மாடல் டி

ஃபோர்டு 1863-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1908 அக்டோபரில் அவருடைய கம்பெனி ‘மாடல் டி’ காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நான்கு சிலிண்டர், 20 குதிரைத் திறன். மேடு பள்ளத்தில் அடி தட்டாமல் போக உயரமாகச் செய்திருந்தார்கள். ரிப்பேர் ஆனால் விவசாயியே ஸ்பேனரை எடுத்துச் சரி செய்துகொள்ளலாம். விலை 850 டாலர். மற்ற பல கார்களைவிடக் குறைவுதான். ஆனாலும் தொழிலாளிக்கு எட்டாத விலை.

வேலை ஆளைத் தேடி வந்தது

முன்பெல்லாம் ஒரு காரைச் சுற்றிப் பல பேர் நின்று, பாகங்களைத் தூக்கி வந்து பூட்டுவார்கள். 1913-ல் ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார், வண்டி அவரிடம் நகர்ந்து வரும். ஒருவர் போல்ட்டை மாட்டுவார், அடுத்தவர் நட்டை முடுக்குவார். அவ்வளவுதான் வேலை! சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மாடுகளைக் கொக்கியில் தொங்கவிட்டு, வரிசையாக நகர்த்தி வெட்டுவார்கள். அந்த முறையைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம்.

இதன் பலனைப் பாருங்கள். மேக்னெட்டோ என்ற பாகத்தை ஒருவரே முழுதாகச் செய்ய 20 நிமிடம் ஆனது. வேலையை 29 பேருக்குப் பிரித்ததும் ஒன்று முடிய 13 நிமிடம் போதும் என்றானது. காரின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. செலவு குறைந்ததால் விலையும் குறைந்தது. 1916-ல் ஒரு மாடல் டி 360 டாலருக்கே கிடைத்தது.

ஒரு சின்னக் கணக்கு

நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்கினால் யாருக்குத்தான் அலுக்காது? தொழிலாளர்கள் கும்பல் கும்பலாக வேலையை விட்டுப் போனார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு 1913-ல் மட்டும் 50,000 பேருக்கு மேல் ஆள் எடுக்க வேண்டியிருந்தது! அதனால் 1914 ஜனவரியில் ஃபோர்டு, நாள் கூலி 5 டாலர், வேலை 8 மணி நேரம் என்று அறிவித்தார். அதுவரை 9 மணி நேரத்துக்கு 2.34 டாலர்தான்.

பழைய கூலியில் 850 டாலர் கார் வாங்க: 850 ÷ 2.34 = 363 நாள் கூலி.
புதுக் கூலியில் 360 டாலர் கார் வாங்க: 360 ÷ 5 = 72 நாள் கூலி.

காரைச் செய்தவரே காரை வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அந்த 5 டாலரும் சும்மா கிடைத்துவிடவில்லை. கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து, வீடு சுத்தமாக இருக்கா, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று விசாரித்த பிறகுதான் முழுப் பணம்.

என்னென்ன மாறியது?

கிராமம்: டாக்டர் சீக்கிரம் வந்தார். சந்தை பக்கமானது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் போட்டு, தண்ணீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் கூட விவசாயிகள் இந்தக் காரைப் பயன்படுத்தினார்கள்.

பள்ளி: அங்கே ஒரே அறை, ஒரே ஆசிரியர் கொண்ட கிராமப் பள்ளிகள் லட்சத்துக்கு மேல் இருந்தன. சாலையும் பஸ்ஸும் வந்த பிறகு பல பள்ளிகளைச் சேர்த்து, வகுப்புக்கு ஒரு ஆசிரியர் உள்ள பெரிய பள்ளிகள் வந்தன.

பெண்கள்: 1909-ல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை 59 நாளில் கார் ஓட்டிப் போனார். 1916-ல் இரண்டு பெண்கள் ஒரு சின்ன மஞ்சள் காரில் நாட்டைச் சுற்றி வந்து, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பிரசாரம் செய்தார்கள். 1920-ல் அந்த உரிமை கிடைத்தது. கார் மட்டுமே அதைக் கொடுத்துவிடவில்லை. ஆனால் யாரையும் துணைக்கு எதிர்பார்க்காமல் வெளியூர் போய்ப் பேச முடிந்ததே, அது சின்ன விஷயமா?

கடன்: 1920-களில் பெரும்பாலான கார்களைத் தவணையில்தான் வாங்கினார்கள். கையில் காசு சேர்த்து வாங்கும் வழக்கம் மாறியது.

யார் விலை கொடுத்தார்கள்?

நல்லதை மட்டும் சொன்னால் அது கட்டுரை ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். 1920 முதல் 1929 வரை அமெரிக்காவில் மோட்டார் வண்டி விபத்துகளில் சுமார் 2 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். அதுவரை தெரு என்பது குழந்தைகள் விளையாடும் இடம். கார் வந்த பிறகு தெரு காருக்குச் சொந்தமாகி, நடந்து போகிறவரே குற்றவாளி ஆனார். கண்டபடி தெருவைக் கடப்பவர்களுக்கு ‘ஜேவாக்கர்’ என்று கேலிப் பெயர் வைத்தார்கள். ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான் என்று அர்த்தமாம்!

வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் முறை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு அக்கா கை மட்டும் தைப்பார், அடுத்த அக்கா கழுத்துப் பட்டி மட்டும் தைப்பார். நாம் போடும் சட்டை விலை மலிவாக இருப்பதற்குப் பின்னால் அவர்களின் முதுகு வலியும் இருக்கிறது.

1927-ல் மாடல் டி உற்பத்தி நின்றது. அதற்குள் ஒன்றரை கோடிக்கும் மேல் கார்கள் ஓடிவிட்டன. எனவே நண்பர்களே, ஒரு பொருளைப் பற்றிப் படிக்கும்போது ‘கண்டுபிடித்தவர் யார்?’ என்ற ஒரு மார்க் கேள்வியோடு நிறுத்த வேண்டாம். அது யாருக்குக் கிடைத்தது, அதற்காக உழைத்தது யார், அதனால் கஷ்டப்பட்டது யார் என்றும் கேட்போம்.

உங்களுக்குத் தெரியுமா?

★ 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது.
★ பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது. செங்குத்தான மேட்டில் பெட்ரோல் எஞ்சினுக்கு வராது என்பதால் ரிவர்ஸில் ஏறுவார்கள்!
★ ஆரம்ப ஆண்டுகளில் முன்னால் உள்ள கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அது திருப்பி அடித்துக் கை உடைந்தவர்கள் உண்டு.
★ 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டு நகரில் மின்சார சிக்னல் விளக்கு வந்தது. சிவப்பு, பச்சை இரண்டுதான், மஞ்சள் இல்லை.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி