வீட்டுக்கு பேண்ட் சா வாங்குகிறீர்களா? சுவிட்ச் போடும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்!

மரவாடிகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் சுழலும் பேண்ட் சா, மரவேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களின் வீட்டு ஷெட்டுக்கும் வந்துவிட்டது. வளைவாக அறுக்கவும், தடித்த கட்டையைப் பலகைகளாகப் பிளக்கவும் தோதான மெஷின். ஆனால், ஆபத்து மரத்தை அறுக்கும்போதுதான் என்று நினைக்காதீர்கள். 'குட்டி யானை'யிலிருந்து இறக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

இறக்கும்போது உஷார்!

14 இன்ச் சக்கரம் கொண்ட பேண்ட் சா 100 கிலோவையொட்டி இருக்கும். எடையில் பெரும்பகுதி மேலே, அடிப்பாகமோ குறுகல். கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும். அப்படிக் கவிழ்ந்தால் கையால் தாங்கப் பார்க்காமல் விலகிவிடுங்கள். மெஷின் போனால் போகட்டும். டேபிளைப் பிடித்துத் தூக்கினால் அதைத் தாங்கும் பாகம் உடையலாம். டேபிளை முதலிலேயே கழற்றிவிட்டு, சட்டத்தைப் பிடித்து மூன்று நான்கு பேராகத் தூக்குவது நல்லது. சமமான கான்கிரீட் தரையில் ஆடாமல் நிறுத்தி, போல்ட் போட்டு இறுக்குங்கள்.

கரன்ட் போய் வந்தால்..?

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. இரண்டும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். முக்கியமான இன்னொன்று: சாதாரண சுவிட்ச் என்றால், கரன்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் யார் கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. கரன்ட் வந்தாலும் பச்சை பட்டனை மீண்டும் அழுத்தினால்தான் ஓடும் 'நோ வோல்ட்' சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பொருத்துங்கள்.

பிளேடு மாட்டும் முறை

1809-லேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி இந்த ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், பிளேடின் ஒட்டு நிற்கவில்லை. 1846-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஆன் பாலின் கிரெபின் என்ற பெண் ஒட்டும் முறையைக் கண்டறிந்த பிறகே அது பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒட்டைத்தான்.

* பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிளேடில் கை வையுங்கள்.

* சுருட்டிய பிளேடு சட்டென விரியும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

* பற்கள் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

* இறுக்கம் கொடுத்து, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளேடு விலகாமல் ஓடுகிறதா எனப் பாருங்கள்.

* இரண்டு கதவுகளையும் மூடிய பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

அறுக்கும்போது...

பிளேடைத் தாங்கும் கைடு, மரத்துக்கு மேல் சுமார் 6 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் தூக்கினால் அத்தனையும் திறந்த பிளேடு. பிளேடு மாட்டும்போது போட்ட கையுறையை இப்போது கழற்றிவிடுங்கள். துப்பட்டா, வளையல், தொங்கும் தலைமுடி எதுவும் அருகே வரக் கூடாது. கடைசிப் பகுதியை விரலால் தள்ளாமல், குச்சியால் தள்ளுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே, மாஸ்க் அவசியம்.

சுவிட்சை அணைத்தாலும் பிளேடு சில நொடிகள் சத்தமில்லாமல் சுற்றும். குழந்தைகளுக்கு அது ஓடாத மெஷினாகவே தெரியும். அது முழுதாக நிற்கும்வரை நகராதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ஷெட்டைப் பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.