யார் செய்த பாவம்? நகர்ப்புற வீடற்றோரும் நமது பார்வையும்

நகரச் சபைகளில் ஊழியம் செய்யும் ஆயர்கள் நடைபாதையில் வாழும் மக்களை நாள்தோறும் காண்கின்றனர். ஆலய மதிலை ஒட்டியே சிலர் உறங்குகின்றனர். கிறிஸ்து பிறப்புத் திருநாளில் இவர்களுக்குப் போர்வையும் உணவுப் பொட்டலமும் வழங்குகிறோம். ஆனால் இவர்கள் ஏன் வீடின்றி இருக்கின்றனர் என்னும் வினாவிற்கு நம் சபை மக்கள் கூறும் விடையை நாம் ஆராய்வதில்லை. அந்த விடையே நம் ஈகையின் அளவையும் தன்மையையும் முடிவு செய்கிறது. ஆதலால் அதனை உண்மை நிலையோடும் திருமறையோடும் ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். சென்னை மாநகரமே இங்குச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளப்படுகிறது.

1. மக்கள் கூறும் காரணங்கள்

வீடற்றோரைக் குறித்து நாம் கேட்கும் கருத்துகளை நான்காக வகுக்கலாம். இவர்கள் உழைக்க மனமற்றவர்கள் என்பது முதலாவது. ஈட்டியதைக் குடித்து அழிப்பவர்கள் என்பது இரண்டாவது. வேற்றூரிலிருந்து வந்தவர்கள், அங்கே இவர்களுக்கு வீடும் நிலமும் இருக்கும் என்பது மூன்றாவது. அரசு வீடு கொடுத்தாலும் விற்றுவிட்டுத் தெருவிற்கே திரும்புவார்கள், இவ்வாழ்வே இவர்களுக்குப் பழகிவிட்டது என்பது நான்காவது. விதி என்றும், பாவத்தின் பலன் என்றும் சமய மொழியில் கூறுவோரும் உளர்.

இக்கருத்துகள் தம்முள் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. வீடின்மையின் காரணத்தை வீடற்றவரிடத்திலேயே இவை தேடுகின்றன. நகரத்தின் வாடகையையோ, கூலியையோ, நிலத்தின் உடைமையையோ இவை வினவுவதில்லை. அவ்வாறு வினவாதவரையில் வீடுள்ளோர் தம்மை வினவிக்கொள்ளவும் தேவையில்லை. இவ்விளக்கங்கள் நீடித்து நிலைப்பதற்கு இவ்வசதியே முதற்காரணம் எனலாம்.

2. வீடற்றோர் யார்?

கட்டடம் எதிலும் வாழாது, சாலையோரத்திலும் நடைபாதையிலும் பெருங்குழாய்களுக்குள்ளும் மேம்பாலங்களின் கீழும் வழிபாட்டிடங்களின் திறந்த வெளியிலும் இரயில் நிலைய மேடையிலும் தங்குவோரை இந்திய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என வகுக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் இத்தகையோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர். இவர்களுள் நகரங்களில் இருந்தோர் 9.38 இலட்சம். 2001இல் நகர்ப்புற வீடற்றோர் தொகை 7.78 இலட்சமாக இருந்தது. அப்பத்தாண்டுகளில் நாட்டுப்புறத்தில் இத்தொகை குறைந்தது, நகரங்களிலோ பெருகியது. ஓர் இரவில் எடுக்கப்படும் இக்கணக்கு பலரை விட்டுவிடும் என்பதும் கருதத்தக்கது.

சென்னையில் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, இராயபுரம் ஆகிய பகுதிகளில் பாட்டி, மகள், பேத்தி என ஒரே நடைபாதையில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உள்ளன. இவர்களை வந்தேறிகள் எனக் கூறுவது பொருந்தாது. நகரத்தின் பல குடியிருப்புகளைவிட இவர்களது நடைபாதை வாழ்வு பழமையானது. ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே இவர்களுள் மிகுதி. ஆடவர் சுமை தூக்குகின்றனர், மீன்பாடி வண்டி ஓட்டுகின்றனர், கட்டட வேலைக்குச் செல்கின்றனர். பெண்கள் பூ விற்கின்றனர், வீட்டு வேலை செய்கின்றனர், பழைய தாளும் நெகிழியும் பொறுக்கித் தரம் பிரிக்கின்றனர். இவர்களது உழைப்பின்றி நகரத்தின் அங்காடிகள் ஒரு நாளும் இயங்கா. உழைக்க மனமற்றவர்கள் என்னும் முதற்கருத்து இங்கேயே வீழ்ந்துவிடுகிறது.

3. நடைபாதைக்கு இட்டுச்செல்லும் வழிகள்

வேலைக்கும் இருப்பிடத்திற்கும் உள்ள தொடர்பே முதலில் அறியத்தக்கது. விடியுமுன் அங்காடியில் நிற்பவருக்கே சுமைக்கூலி கிடைக்கும். அவ்வேளையில் பேருந்து இல்லை. இருப்பினும் கட்டணம் கூலியைத் தின்றுவிடும். ஆதலால் வேலையிருக்கும் இடத்திலேயே உறங்குகின்றனர். கொத்தவால் சாவடிச் சந்தை பல்லாண்டுகளாக இத்தகைய உழைப்பாளர்களை ஈர்த்தது. 1996இல் காய்கனி மொத்த வாணிகம் கோயம்பேட்டிற்கு மாறியபோது வாணிகத்திற்கு இடம் ஒதுக்கப்பட்டது. சுமை தூக்கியோரின் உறைவிடம் எத்திட்டத்திலும் இடம்பெறவில்லை.

இரண்டாவது, வாடகை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். நாட்கூலி பெறுவோர் மாத வாடகையை ஒருவாறு செலுத்தக்கூடும். முன்பணத்தை மொத்தமாகத் திரட்ட இயலாது. பணம் இருந்தும் சாதி கேட்டு வீடு மறுக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை என்பதை ஆயர்கள் அறிவர்.

மூன்றாவது, அப்புறப்படுத்துதல். குடிசை மாற்று வாரியம் 1970இல் தோன்றியபோது மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது அதன் முதன்மைப் பணியாக இருந்தது. பிற்காலத்தில் நகரின் தென்புறத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. நகர மையத்திலிருந்து இவை ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தொலைவில் உள்ளன. அங்கு வீடு பெற்றும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே இருந்ததால் நடைபாதைக்குத் திரும்பியோர் உண்டு. இதனையே, வீடு கொடுத்தாலும் இருக்கமாட்டார்கள் எனக் குறையாகக் கூறுகிறோம். உணவின்றி வீடு மட்டும் பெற்ற ஒருவர் உணவைத் தேடிச் செல்வது குணக்கேடு ஆகாது.

நான்காவது, குடும்பச் சிதைவும் நோயும். கணவனால் துரத்தப்பட்ட பெண், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர், மனநோயுற்றோர் ஆகியோர் தனியராய்த் தெருவிற்கு வருகின்றனர். மனநோயுற்று வீடிழந்த பெண்களுக்கென 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட பான்யன் என்னும் அமைப்பு, மருத்துவமும் பராமரிப்பும் கிடைத்தபின் பலரை அவர்தம் குடும்பத்தாரிடம் சேர்த்துள்ளது. மீளமுடியாதவர்கள் எனத் தெருவில் விடப்பட்டோரே இவர்கள்.

குடியைப் பற்றியும் நேர்மையாகக் கூறவேண்டும். நடைபாதையில் குடிப்போர் உளர். அதனால் அழிந்த குடும்பங்களும் உள. ஆயினும் மாடிவீடுகளிலும் குடிப்போர் உளர். அவர்கள் குடியினால் வீட்டை இழப்பதில்லை. சேமிப்பும் உறவும் சொத்தும் அவர்களைத் தாங்குகின்றன. தாங்குவதற்கு ஒன்றுமில்லாதவரே தெருவில் வீழ்கின்றனர். மேலும், கொசுவும் மழையும் அச்சமும் நிறைந்த இரவைக் கடப்பதற்குக் குடிக்கத் தொடங்கியோரிடத்தில் விளைவையே காரணமெனக் கருதும் பிழை நேர்கிறது.

4. சட்டம் நோக்கிய விதம்

வீடற்றவரைக் குற்றவாளியாக நோக்கும் மரபு சட்டத்திலும் உண்டு. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம் திறந்த வெளியில் உறங்குவதைத் தண்டனைக்குரியதாக்கியது. சென்னை மாகாணத்தில் 1945இல் பிச்சை தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

இந்நோக்கிற்கு மாறான திருப்பம் 1985இல் நிகழ்ந்தது. பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேற்றும் முடிவை எதிர்த்த ஒல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமையில் பிழைப்பிற்கான உரிமையும் அடங்கும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இம்மக்கள் குற்றம் புரியும் நோக்கத்தோடு நடைபாதையில் தங்கவில்லை, பிழைப்பின் நெருக்கடியாலேயே தங்குகின்றனர் என்பதனை நீதிமன்றம் ஏற்றது. எனினும் மாநகராட்சியின் அகற்றும் அதிகாரத்தை அது மறுக்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை தள்ளிவைக்கவே பணித்தது. காரணத்தை ஒப்புக்கொண்டும் தீர்வை அளிக்காத நிலை இது.

2010இல் உச்ச நீதிமன்றம் நகரங்களில் இரவுக் காப்பகங்கள் அமைக்கக் கட்டளையிட்டது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஓர் இலட்சம் மக்களுக்கு 100 பேர் தங்குமிடம் என அளவு வகுத்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களின் துணையோடு காப்பகங்களை நடத்திவருகிறது. இவை பெரும்பாலும் ஆண், பெண், சிறுவர், முதியோர் எனப் பிரிக்கப்பட்டவை. குடும்பமாய் வாழ்வோர் பிரிந்து செல்ல விரும்பாது நடைபாதையிலேயே தங்குகின்றனர். இதனையும் பிடிவாதம் என்கிறோம்.

5. சீர்திருத்த மரபின் வலிமையும் குறையும்

இச்சிக்கல் நம் மரபிற்குப் புதிதன்று. ஏழைக்கு ஈவது ஈபவரின் புண்ணியத்திற்கு என்னும் இடைக்காலக் கருத்தை லூத்தர் மறுத்தார். ஒவ்வொரு நகரமும் தன் ஏழைகளைத் தானே பேணவேண்டும் என 1520இல் எழுதினார். 1523இல் லைஸ்னிக் நகரச் சபை பொதுப் பணப்பெட்டி ஒன்றை ஏற்படுத்தியபோது அதனை ஆதரித்து முன்னுரை வழங்கினார். வறுமை தனியாரின் இரக்கத்திற்கு விடப்படாமல் சமுதாயத்தின் பொறுப்பாக்கப்பட்டது இம்மரபின் வலிமையாகும்.

ஆனால் அதே 1520ஆம் ஆண்டு நூலில் வேற்றூர் இரவலரை நகரத்திற்குள் ஏற்கவேண்டா என்னும் கருத்தும் உள்ளது. இரவலரின் சூழ்ச்சிகளை விவரிக்கும் நூலொன்றிற்கு 1528இல் அவர் முன்னுரை எழுதினார். நம்மவர், அந்நியர் என்றும், தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்றும் பிரிக்கும் கோடு இவ்வாறு நம் மரபிற்குள்ளும் புகுந்தது. இன்றும் சபையின் ஏழை நிதி, பதிவேட்டில் பெயருள்ளோருக்கே வழங்கப்படுவதைக் காண்கிறோம்.

6. திருமறை காட்டும் பார்வை

வேலை செய்ய மனதில்லாதவன் உண்ணலாகாது என்னும் பொருளுடைய 2 தெசலோனிக்கேயர் 3:10 அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அங்குப் பவுல் பேசுவது சபைக்குள் வேலையை விட்டுப் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தோரைக் குறித்து. மனமின்மையையே அவர் கண்டிக்கிறார். வேலையின்மையையோ குறைந்த கூலியையோ அன்று.

யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீடர்கள் பிறவிக் குருடரைக் கண்டவுடன், இவர் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ என வினவுகின்றனர். அவரோடு அவர்கள் பேசவில்லை. அவரைக் குறித்துப் பேசுகின்றனர். இயேசு இரண்டு விடைகளையும் தள்ளி, செய்யவேண்டிய செயலின்பால் அவர்களைத் திருப்புகிறார். அவர் தள்ளியது குற்றவாளியைத் தேடும் வினாவை. காரணத்தை ஆராய்தல் ஆகாது என அவர் கூறியதாகக் கொள்ளலாகாது.

காரணத்தைத் திருமறை ஆராயும் விதத்தை லேவியராகமம் 25இல் காணலாம். சகோதரன் வறுமையுற்றுத் தன் நிலத்தில் ஒரு பகுதியை விற்கிறான் (வ. 25), பின் கை இளைத்துப் பிறரைச் சார்ந்திருக்கிறான் (வ. 35), இறுதியில் தன்னையே விற்கிறான் (வ. 39). வறுமை இங்கே ஒரு படிக்கட்டாகக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் கடமை சுமத்தப்படுவது வீழ்வோன்மேல் அன்று, அருகில் நிற்போன்மேல். நாமோ கடைசிப் படியில் கிடப்போரை மட்டும் கண்டு அவரது குணத்தை ஆராய்கிறோம். இதே அதிகாரத்தில் கூர்ந்து நோக்கத்தக்க விதிவிலக்கு ஒன்றும் உண்டு. மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டை விற்றவர் ஓராண்டிற்குள் மீட்காவிடில் அது யூபிலி ஆண்டிலும் திரும்பாது (வ. 29-30). நகரத்தில் வீடிழந்தவருக்கு யூபிலியின் காவல் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் குரலைப் பின்வந்த தீர்க்கர்களிடம் கேட்கிறோம்: வீட்டோடு வீட்டைச் சேர்ப்போரை ஏசாயா கடிந்துகொள்கிறார் (5:8).

உபவாசம் குறித்த ஏசாயா 58:7இல் நம் தமிழ் வேதாகமம் கையாளும் ‘துரத்துண்ட’ என்னும் சொல் சிந்தித்தற்குரியது. வீடற்றவர் என்றால் இல்லாமையை மட்டும் கூறுகிறோம். துரத்துண்டவர் என்றால் துரத்தியவர் ஒருவர் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவ்வசனம் அவரை நம் மாம்சமானவர் என்றும் அழைத்து முடிகிறது. மனுஷகுமாரனுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்னும் கூற்றையும் (லூக்கா 9:58) அதன் இடத்தில் வைத்து வாசிக்கவேண்டும். சற்றுமுன் சமாரியக் கிராமம் ஒன்று அவரை ஏற்க மறுத்தது. அவருக்கு இடம் இல்லாமற்போனதில் இனப்பகையால் மூடப்பட்ட கதவும் உண்டு.

7. ஆயரின் கடமை

முதலாவது, ஆலயத்தைச் சுற்றி உறங்குவோரின் பெயரையும் தொழிலையும் வரலாற்றையும் ஆயர் அறிதல் வேண்டும். அறிந்தவரைக் குறித்துப் பொதுப்பழி சொல்வது அரிது.

இரண்டாவது, முகவரியும் சந்தாவும் இல்லாமையால் பெயர் நீங்கிய கிறிஸ்தவர்கள் நடைபாதையில் இருக்கக்கூடும். அவர்கள் பிள்ளைகளின் திருமுழுக்கும் திருமணமும் அடக்க ஆராதனையும் இக்காரணத்தால் தடைபடலாகாது. கடிதம் பெறுவதற்கு ஆலய முகவரியை வழங்குவதும் சிறு செயலன்று.

மூன்றாவது, நகர ஆலயங்களின் வளாகங்கள் விரிவானவை. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இரவில் பெண்களுக்குத் திறந்திருக்குமா என்பதை ஆலயக் குழு ஆராயட்டும். மதிலோரம் இருப்போரை அகற்றுமாறு காவல்துறைக்கு மனு எழுதும் குழுக்கள், அம்மனுவை ஏசாயா 58ஐ வாசித்தபின் எழுதட்டும்.

நான்காவது, அப்புறப்படுத்தும் அறிவிப்பு வரும்போது மக்களோடு நின்று, வேலைக்கு அருகிலேயே மாற்றிடமும் குடும்பமாய்த் தங்கும் காப்பகமும் கோருதல் வேண்டும்.

போர்வை வழங்குவதை நிறுத்தவேண்டும் என்பது இதன் பொருளன்று. குளிரும் இரவில் போர்வை தேவையே. ஆனால் சோம்பலாலும் குடியாலும் இவர் இங்கே கிடக்கிறார் என்னும் எண்ணத்தோடு கொடுக்கப்படும் போர்வை, கொடுப்பவரின் மனத்தை மூடுமேயன்றி வேறொன்றும் செய்யாது. துரத்துண்டவர் என அறிந்து கொடுப்பவர், மறுநாள் காலையில் துரத்தியது எது என வினவத் தொடங்குவார். அவ்வினாவைச் சபைக்குக் கற்பிப்பது அருளுரைப் பீடத்தின் கடமை.