மௌனம் மருந்தல்ல

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஓர் இளந்தாய், எம்முடன் வந்திருந்த மருத்துவமாதை ஒருபுறமாக அழைத்துச் சென்றார். பிரசவத்தின் பின் கணவருடன் கூடும்போது தாங்க முடியாத எரிவு. “உனக்கு என்னிலை விருப்பமில்லை, மனம் வேறெங்கோ இருக்கு” என்று கணவர் குத்திப் பேசுகிறாராம். சொல்லி அழுதார். அவருடைய சம்மதத்துடனேயே இதை இங்கு எழுதுகிறோம்.

இத்தகைய விடயத்தைக் குருவானவர் எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். திருமண ஆயத்த வகுப்புகளில் அன்பைப் பற்றி நிறையப் பேசிய நாம், உடலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாயின் கண்ணீரில் எமக்கும் பங்குண்டு.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

யோனியின் சுவரில் சுரப்பிகள் எவையும் இல்லை. பெண்ணுக்குப் பாலுணர்வு எழும்போது அச்சுவரைச் சூழவுள்ள நுண்ணிய குழாய்களில் இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அப்போது இரத்தத்தின் நீர்ப்பாகம் சுவரினூடாகக் கசிந்து, வியர்வை அரும்புவதுபோல் உட்புறத்தை நனைக்கிறது. வாயிலின் இரு மருங்கிலுமுள்ள பார்த்தோலின் சுரப்பிகள் சிறிதளவே சேர்க்கின்றன. இந்த ஈரமே உராய்வையும் காயத்தையும் தடுக்கிறது.

கருப்பைக் கழுத்திலிருந்து வரும் சளியம் வேறு. கரு தரிக்கக்கூடிய நாட்களில் அது முட்டை வெண்கருவைப்போல் வழுவழுப்பாக இருக்கும். 1953 இல் மெல்பேண் நகர வைத்தியர் ஜோன் பில்லிங்ஸ் ஆராயத் தொடங்கிய இயற்கைக் குடும்பத் திட்டமிடல் முறை, இச்சளியத்தின் மாற்றங்களைக் கவனிப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

ஆகவே தெளிந்த அல்லது வெண்ணிறமான கசிவு சிறிதளவு நாள்தோறும் காணப்படுவது நோயல்ல. “உடம்பு உருகிப் போகுது” என்று பயப்படவும் தேவையில்லை.

வறட்சி ஏன் ஏற்படுகிறது?

ஈஸ்ரோஜன் என்னும் ஓமோனே யோனிச் சுவரைத் தடிப்பாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது. தாய்ப்பாலூட்டும் காலத்தில் இது குறைந்துவிடுகிறது. அந்த இளந்தாய்க்கு நேர்ந்ததும் இதுவே. பாலூட்டல் குறையும்போது நிலைமை பெரும்பாலும் சீராகும். மாதவிடாய் நின்ற பின்னரோ வறட்சி தானாக மாறுவது அரிது. நீரிழிவும், தடிமனுக்கு எடுக்கும் சில குளிசைகளும்கூடக் காரணமாகலாம்.

களைப்பு, அச்சம், கணவரின் அவசரம் ஆகியவையும் ஈரத்தைக் குறைக்கும். பகலெல்லாம் வயலிலும் அடுப்படியிலும் உழைத்த மனைவியின் உடல், கணவர் நினைத்த கணத்தில் ஆயத்தமாகிவிடாது. வறட்சி அன்பின்மைக்குச் சாட்சியல்ல. துரோகத்திற்கு அறவே சாட்சியல்ல. அதுபோலவே, ஈரம் மட்டும் சம்மதத்திற்குச் சாட்சியாகாது. உடல் தன்பாட்டில் இயங்கலாம். “வேண்டாம்” என்ற வாய்ச்சொல்லே மதிக்கப்பட வேண்டும்.

செய்யக்கூடியவை

தயிரைப் புளிக்கவைக்கும் பற்றீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தவை யோனியிலும் வாழ்ந்து, இலற்றிக்கமிலத்தை உண்டாக்கி நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. சவர்க்காரம், கிருமிநாசினி முதலியவற்றால் உட்புறத்தைக் கழுவினால் இந்தக் காவல் அழிந்துவிடும். வெளிப்புறத்தை நீரால் கழுவுவதே போதும்.

வறட்சிக்கு, நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கும் ஜெல் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. தேங்காயெண்ணெய் இறப்பர் ஆணுறையைப் பழுதாக்கும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. மாதவிடாய் நின்றவர்களுக்கு, யோனியில் இடும் குறைந்த அளவு ஈஸ்ரோஜன் கிறீம் பலனளிக்கும். அது வைத்தியரின் ஆலோசனையுடன் மட்டுமே.

சொறிவுடன் தயிர்க்கட்டி போன்ற கசிவு, மீன்வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், உறவின் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பின் ஒரு துளி இரத்தமேனும் கண்டால் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். 1996 முதல் எமது நாட்டில் நடைபெற்றுவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

அந்தத் தம்பதியரிடம் மருத்துவமாது பின்னர் பேசினார். தலைகுனிந்து கேட்டிருந்த கணவர் இறுதியில், “இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை” என்றார். அவர் சொன்னது உண்மை. சொல்லித் தரவேண்டியவர்களுள் நாமும் இருந்தோம்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது கிராமத்தில் பெண்கள் இவ்விடயங்களை யாரிடம் மனந்திறந்து பேசலாம்?
2. ஆண்களுக்கு இதை எங்கே, யார் கற்பிப்பது?
3. அடுத்த கூட்டத்திற்கு மருத்துவமாதை அழைக்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?