கொசுறு போடாத தராசு

சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாவின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? அரைக்கிலோ கேட்டால் ஒரு கை அள்ளித் தட்டில் போடுவார். தராசு 530 என்று காட்டும். தட்டிலிருந்து ஒரு குண்டுக் காயை எடுத்துவிட்டுக் கூடையில் துழாவி ஒரு சின்னக் காயைப் போடுவார். 505. சரி என்று பையில் கொட்டிவிட்டு, "இந்தா, இதையும் வச்சுக்க" என்று இரண்டு பச்சை மிளகாயைக் கொசுறாகப் போடுவார். பேச்சு நம்மோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கை ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறது. இருக்கிற காய்களில் எதை எதோடு சேர்த்தால் கேட்ட எடை வரும் என்பதுதான் அந்தக் கணக்கு.

அதே கணக்கை ஓர் இயந்திரம் முதன்முதலாகப் போட்டது 1972-இல், ஜப்பானில். அங்கேயும் தொடக்கம் காய்கறிதான். பச்சைக் குடைமிளகாயை ஒரே எடையுள்ள சிறு பைகளில் அடைக்க வேண்டும். அங்கே விளையும் குடைமிளகாய் சிறியது. ஒரு காய் முப்பது, நாற்பது கிராம்தான் இருக்கும். பையில் 150 கிராம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு காய் போட்டதும் 140 வருகிறது. பத்து கிராம்தான் குறைகிறது என்றாலும் ஒரு முழுக் காயைத்தான் போட்டாக வேண்டும், அரிந்து போட முடியாது. போட்டால் 175. இருபத்தைந்து கிராம் சும்மா போகிறது. ஒரு பையில் இது பெரிய நட்டமில்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பை என்றால்?

சர்க்கரைக்கும் அரிசிக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. எடை நெருங்க நெருங்க வாயைக் குறுக்கி, மணி மணியாகச் சிந்தவிட்டு நிறுத்திவிடலாம். முழுக் காய், வெட்டிய துண்டு, கொத்தாகச் சிக்கிக்கொள்ளும் கீரை ஆகியவற்றுக்கு அந்த வித்தை செல்லாது. இதற்கு விடை கண்டது கியோட்டோ நகரின் இஷிடா நிறுவனம். 1893-இல் தொடங்கிய பழைய தராசுக் கம்பெனி அது. ஒரு தராசில் துல்லியமாகப் போட முயல்வதை விட்டுவிட்டு, பல தராசுகளில் தோராயமாகப் போட்டு, பிறகு பொருத்தம் பார்ப்போம் என்று அவர்கள் யோசித்தார்கள். இன்று உலகெங்கும் சிப்ஸ், மிட்டாய், உறைந்த பட்டாணி, கழுவி நறுக்கிய கீரை எல்லாம் பெரும்பாலும் இந்த முறையில்தான் பொட்டலமாகின்றன. தொழிலில் இருப்பவர்கள் இந்த இயந்திரத்தை 'மல்டிஹெட்' என்பார்கள். நாம் பல தலைத் தராசு என்று வைத்துக்கொள்வோம்.

பார்ப்பதற்கு ஒரு பெரிய எஃகுப் பூ மாதிரி இருக்கும். உச்சியில் ஒரு கூம்பு. மேலிருந்து விழும் காய் அந்தக் கூம்பில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறும். சுற்றிலும் இதழ் போல வாய்க்கால்கள். ஒவ்வொரு வாய்க்காலின் முனையிலும் 'ஹாப்பர்' என்கிற சிறு தொட்டி. அதற்கடியில் எடை பார்க்கும் இன்னொரு தொட்டி. பத்து தலை, பதினான்கு தலை, இருபத்து நான்கு தலை என்று பல அளவுகளில் உண்டு. ஒவ்வொரு தலையும் தன் தொட்டியில் விழுந்ததை எடை போட்டு நடுவிலிருக்கும் கணினிக்குச் சொல்லும்.

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இதன் சாமர்த்தியம் பிடிபடும். 200 கிராம் வேண்டும். ஆறு தொட்டிகளில் 38, 41, 47, 52, 58, 63 கிராம் கிடக்கிறது. எதுவுமே 50 இல்லை. ஆனால் 38, 47, 52, 63 நான்கையும் கூட்டுங்கள்: சரியாக 200. 38, 41, 58, 63 கூட்டினாலும் 200. கணினி ஏதோ ஒரு நால்வரைத் தேர்ந்தெடுத்து, அந்த நான்கு தொட்டிகளின் கதவை மட்டும் திறக்கும். காய் கீழே ஒரே புனலில் விழுந்து டப்பாவுக்குள் போகும். மீதி இரண்டும் காத்திருக்கும். காலியான நான்கில் புதுக் காய் விழுந்ததும் மறுபடி கூட்டணிப் பேச்சு.

ஆறு தலையில் நால்வரைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள்தான். பதினான்கு தலை இருந்தால் 1001 வழிகள். ஒவ்வொரு தொட்டியும் ஐம்பதுக்குப் பத்து கிராம் முன்னே பின்னே இருந்தால், அந்த 1001 கூட்டுத்தொகைகளும் 160-க்கும் 240-க்கும் இடையில் விழும். அதாவது கிராமுக்குக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு கூட்டணிகள். 200-ஐ ஒட்டி ஒன்றாவது கிடைக்காமல் போகாது. மூவர், ஐவர் என்று எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம் என்றால் மொத்த வழிகள் 16,383. நம் ஊர்த் தேர்தலில்கூட இத்தனை கூட்டணிக் கணக்கு ஓடியிருக்காது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தொட்டிகள் எல்லாம் ஒழுங்காக 50, 50, 50 என்று இருந்துவிட்டால் இந்த இயந்திரத்துக்கு வேலையே இல்லை. எல்லாமே 48 ஆகிவிட்டால் தப்பிக்க வழியும் இல்லை. காய்கள் பெரிதும் சிறிதுமாகக் கன்னாபின்னாவென்று இருப்பதுதான் அதன் முதலீடு. சாதாரண இயந்திரம் எதைப் பிரச்சினை என்கிறதோ அதை வைத்தே இது பிழைக்கிறது.

கணக்குப் போட மின்மூளை தேவை. 1972-ஐ நினைத்துப் பாருங்கள்: இன்டெல் தன் முதல் நுண்செயலியான 4004-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1971 நவம்பரில்தான். எடை பார்க்கும் உறுப்பு அதைவிடப் பழையது. கனம் விழுந்தால் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி நீளும். நீண்டால் மின்தடை மாறும். ஸ்ட்ரெயின் கேஜ் எனப்படும் இதை 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இன்று தெருமுனை மளிகைக்கடைத் தராசுக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதன் வாரிசுதான்.

ஆலைக்காரர்கள் இவ்வளவு மெனக்கெடுவது கொசுறுக்குப் பயந்துதான். பொட்டலத்தில் அச்சிட்ட அளவுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமும் அவர்கள் கணக்கில் நட்டம். சந்தை அம்மா தெரிந்தே, முகம் பார்த்துப் போடுவதும், ஆலையில் தெரியாமல் கசிவதும் ஒன்றாகிவிடாது. அது உறவு, இது ஒழுகல். குறைத்துப் போடலாமா என்றால் சட்டம் விடாது. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 கிராம் பாக்கெட்டில் அனுமதிக்கப்படும் பிழை 15 கிராம். 200 கிராமுக்கு 9. சரி, எல்லாப் பாக்கெட்டையும் 15 கிராம் குறைத்தே அடைக்கலாமே என்று யோசிக்கும் மூளைக்கும் பதில் இருக்கிறது: சோதனைக்கு எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் கீழே போகக்கூடாது. மேலே போனால் காசு நட்டம், கீழே போனால் வழக்கு. நடுவில் இருக்கும் ஒற்றையடிப் பாதையில்தான் பல தலைத் தராசு நடக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உலர்ந்த காய்க்கு. நனைந்த காய் வந்ததும் இந்தக் கணிதமெல்லாம் தடுமாறத் தொடங்கும்.

நறுக்கிய கீரையையும் முட்டைக்கோஸையும் கழுவாமல் அடைக்க முடியாது. கழுவி, சுழல் உலர்த்தியில் போட்டுச் சுற்றினாலும் ஈரம் முழுதாகப் போகாது. அதிகம் சுற்றினால் இலை கசங்கும். அந்த மிச்ச ஈரம்தான் வில்லன். பந்தியில் கழுவி அடுக்கிய வாழையிலையைப் பிரித்தவர்களுக்கு இது புரியும். காய்ந்த இலை வழுக்கிக்கொண்டு வரும். நனைந்த இரண்டு இலைகள் ஒன்றை ஒன்று விடாது. இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

எவ்வளவு பலம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பத்து சதுர சென்டிமீட்டர் கீரைத் துண்டு ஒன்று, பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் நீர்ப்படலத்தோடு எஃகுத் தகட்டில் சீராக ஒட்டியிருந்தால், நேராக இழுத்துப் பிரிக்கக் கிட்டத்தட்ட 150 கிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். கீரைத் துண்டின் சொந்த எடை அரை கிராம் இருந்தால் அதிகம். தன்னைப் போல முந்நூறு மடங்கு கனத்தைத் தாங்கும் பிடியிலிருந்து அது எப்படித் தானாக விழும்? இது காகிதக் கணக்குதான். நிஜத்தில் இலை வளைந்து ஓரத்திலிருந்து உரிந்து வரும், அவ்வளவு விசை தேவைப்படாது. ஆனாலும் தொட்டிக் கதவு திறந்தபின் கால் நொடி தயங்கினாலே போதும், கூட்டணி கவிழ்ந்துவிடும். போக வேண்டிய இலை அடுத்த டப்பாவில் விழும்.

இதைவிட மோசம், விழாமலே இருந்துவிடுவது. 52 கிராம் என்று கணினி நம்பித் திறக்கிறது; 49 விழுகிறது; மூன்று கிராம் சுவரில் ஒட்டியிருக்கிறது. டப்பா குறைவாகப் போகிறது. தராசு அவ்வப்போது தொட்டியைக் காலியாக வைத்துத் தன் பூஜ்ஜியத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். ஒட்டிய மூன்று கிராமையும் தொட்டியின் எடை என்றே அது எடுத்துக்கொண்டால், என்றைக்கோ அந்தத் துண்டு கழன்று விழும்போது கணக்கு மறுபக்கம் தவறும். அதனால்தான் டப்பா நிரம்பியபின் வழியில் இன்னொரு தராசு நின்று ஒவ்வொன்றையும் மறுபடி நிறுத்து, தவறியதை ஒதுக்கித் தள்ளுகிறது.

ஒட்டலுக்கு மருந்து தகட்டிலேயே இருக்கிறது. மழமழப்பான எஃகுக்குப் பதில் சிறுசிறு புடைப்புகள் கொண்ட தகட்டில் தொட்டிகளைச் செய்கிறார்கள். இலை புடைப்பு நுனிகளில் மட்டும் தொடும். அடியில் காற்றுப் புகும். நீர்ப்படலம் துண்டு துண்டாகிப் பிடி தளரும். வழுக்க வேண்டுமென்றால் மழமழப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்போம். ஈர உலகத்தில் விதி தலைகீழ். இன்னும் ஒட்டும் சரக்குக்கு, ஒவ்வொரு முறையும் சுவரை வழித்துவிட்டுப் போகும் கதவுகள் உண்டு. நம் வீட்டு மாவுப் பாத்திரத்தை விரலால் வழிப்போமே, அதே வேலை.

வாய்க்காலிலும் இதே தொல்லை. சிப்ஸ் என்றால் தட்டை அதிரவைத்தால் போதும், துள்ளித் துள்ளி முன்னே ஓடும். நனைந்த முட்டைக்கோஸ் அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும். ஆகவே அதிரும் தட்டுக்குப் பதில் சுருள் திருகு வைக்கிறார்கள். கரும்புச் சாற்று இயந்திரம் போல நசுக்காமல், மெதுவாகச் சுழன்று கொத்தை முன்னே நகர்த்தும். சாஸில் ஊறிய காய், ஊறுகாய், கிம்ச்சி எல்லாமே இந்தத் திருகு வழியில்தான் நகரும். வேகம் மட்டும் குறையும். நிமிடத்துக்கு நூறு பாக்கெட்டைத் தாண்டும் சிப்ஸ் வரிசையோடு ஈரக் காய் போட்டியிட முடியாது.

தகர டப்பாக்காரர்கள் இந்தச் சிக்கலுக்குள் வருவதே இல்லை. அவர்கள் எடை பார்ப்பதை விட்டு, நம் பாட்டிமார் போலப் படியால் அளக்கிறார்கள். பட்டாணி, சோளம் மாதிரி உருண்டைச் சரக்கு குறிப்பிட்ட கொள்ளளவுள்ள குழியில் விழும். மேலே தலை தட்டப்படும். குழியின் அடி திறந்து டப்பாவில் கொட்டும். நறுக்கிய பீன்ஸ் என்றால் சுழலும் பெரிய உருளைக்குள் டப்பாக்கள் சாய்ந்தபடி வரிசையாகப் போகும், பீன்ஸ் மழையாகப் பெய்யும், அதிகமானது வழிந்து மறுபடி மேலே போகும். எப்படியும் உப்புநீர் ஊற்றி மூடப் போகிறார்கள் என்பதால் ஈரம் அவர்களுக்கு எதிரியில்லை. டப்பாவில் 'வடித்தபின் எடை' என்று தனியாக அச்சிடுவதும் அதனால்தான்.

ஈரத்துக்கு இன்னொரு முகம் உண்டு, அது கிராம் கணக்கில் அடங்காது. லிஸ்டீரியா என்கிற பாக்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும். இடுக்கில் சிக்கிய ஒரு கீரைத் துண்டு அதற்குப் போதுமான வீடு. உறைந்த சோளம் முதலான காய்கறிகள் மூலம் பரவிய ஒரு தொற்றில், 2015 முதல் 2018 ஜூன் வரை ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 47 பேர் நோயுற்று 9 பேர் இறந்தார்கள். ஹங்கேரியிலிருந்த ஓர் ஆலையில், துப்புரவு செய்தும் கிருமி விலகாமல் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு முடிவு செய்தது.

ஆகவே ஈரக் காய் இயந்திரத்தை வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இதை எப்படிக் கழுவுவது என்றுதான். தொட்டிகளைத் திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்றிவிடலாம். தட்டையான பரப்புகளைச் சாய்வாக்குவார்கள், தண்ணீர் தேங்காது. 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் பீய்ச்சினாலும் உள்ளே புகாதபடி மின்பாகங்களை மூடுவதற்கு ஒரு தரநிலையே இருக்கிறது. கிராமின் பின்னத்தை உணரும் மென்மையான உறுப்பு ஒருபக்கம், தீயணைப்புக்காரர் மாதிரி நீரடிக்கும் துப்புரவாளர் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே பெட்டியில் வாழவைப்பது, 1001 கூட்டணிகளைக் கூட்டிப் பார்ப்பதைவிடக் கடினமான வேலை என்பது என் கட்சி.

இந்த வித்தை பிறந்த ஜப்பானில், பல தலைத் தராசு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அங்கே கடைகளில் விற்கும் பென்டோ மதிய உணவுப் பெட்டியைத் திறந்தால் ஒரு மூலையில், சோற்றில் படாமல், ஒரு சிட்டிகை வேகவைத்த கீரை இருக்கும். அள்ளிக்கொட்டினால் அழகு கெடும். நசுங்கினால் சாறு வடியும். சும்மா விட்டால் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து வைக்கும் ரோபோக்களைச் சில ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். பெரும்பாலான ஆலைகளில் இன்றைக்கும் அந்தக் கீரையை வைப்பது, நகரும் பட்டையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் தொழிலாளர்களின் உறை மாட்டிய விரல்கள்தான்.