டிகிரியை அளக்க வந்த காலாட்படைக்காரர்

ஒரு டிகிரி அட்சத்துக்கு 110.6 கிலோமீட்டர் என்று ஒரு புத்தகத்திலும் 111.7 என்று இன்னொன்றிலும் இருக்கிறதே, எது சரி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் சரி. முதலாவது நிலநடுக்கோட்டை ஒட்டிய கணக்கு, மற்றது துருவத்தை ஒட்டியது.

துருவங்களில் பூமி சற்றே சப்பை என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அப்படியானால் அங்கே டிகிரி குறுகத்தானே வேண்டும்? நடப்பது நேர்மாறு. அட்சத்தைப் பூமிக்குள் இறங்கி மையத்திலிருந்து யாரும் அளப்பதில்லை. கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு எந்தத் திசையில் தொங்குகிறது என்பதை வைத்துத்தான் அளக்கிறோம். ஓர் இட்லியின் மேல் எறும்பு நடக்கிறது, அதன் முதுகில் நேராக நட்ட ஒரு கம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இட்லி சப்பை. எறும்பு வெகுதூரம் போனாலும் கம்பம் லேசாகத்தான் சாயும். ஓரத்துக்கு வந்துவிட்டால் நாலு அடி வைப்பதற்குள் மளமளவென்று சாய்ந்துவிடும். உச்சிதான் துருவம், ஓரம்தான் நிலநடுக்கோடு. கம்பம் ஒரு டிகிரி சாய, உச்சியில் அதிக தூரம் நடக்க வேண்டும். மாவு நீர்த்துப்போனால் இந்த வித்தியாசம் கூடும், நன்றாகப் பொங்கினால் குறையும். பூமி அருமையாகப் பொங்கிய இட்லி: சுமார் 300-ல் ஒரு பங்குதான் சப்பை!

அதனால்தான் இதை அளப்பது பெரும்பாடு. கன்னியாகுமரிப் பக்கத்து டிகிரிக்கும் டேராடூன் பக்கத்து டிகிரிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 250 மீட்டர். கோணத்தில் ஒரு விகலை (ஆர்க் செகண்ட்) பிசகினாலே தரையில் 31 மீட்டர் தப்பிவிடும். அந்த நுட்பத்தோடு தெற்கே அளக்கத் தொடங்கியவர், பிரிட்டனின் 33-வது காலாட்படை ரெஜிமெண்டைச் சேர்ந்த வில்லியம் லாம்டன். நேர் உச்சியை ஒட்டிக் கடக்கும் நட்சத்திரங்களையே அவர் தேர்ந்தெடுத்தார். அங்கே காற்று ஒளியை வளைப்பது மிகக் குறைவு. தொலைநோக்கியை நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து, தொங்கும் தூக்குநூல் அளவுகோலில் எங்கே வெட்டுகிறது என்று படிப்பார். அதே நட்சத்திரத்தை இன்னோர் ஊரிலும் பார்த்தால், இரண்டு அளவுகளின் வித்தியாசமே அட்ச வித்தியாசம். ஊர்களுக்கு இடையிலான தூரத்தை, ஒரு பக்கத்தையும் கோணங்களையும் அளந்து கணக்கிடும் முக்கோணங்கள் தரும். முதல் முக்கோணத்துக்கான அடிக்கோட்டை 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் ஏழரை மைல்.

நட்சத்திரங்களைப் பார்ப்பது அவருக்குப் புதிதல்ல. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் போரில், இரவில் பிரிட்டிஷ் தளபதி பேர்டின் படை திரும்பும் வழி தவறித் திப்புவின் பக்கமே நடந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து, போவது வடக்கு என்று எச்சரித்தவர் லாம்டன்.

பூமி சப்பை என்பதை அவர்தான் கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லாப்லாந்துக்கும் பெருவுக்கும் போன பிரெஞ்சுக்காரர்கள் அதை 18-ம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்கள். எவ்வளவு சப்பை என்ற கணக்கைச் செம்மைப்படுத்த உதவியதே லாம்டனின் பெருமை. அது சின்ன விஷயமல்ல. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து முக்கோணங்களின் கோணங்களை அளக்கும் அவருடைய அரை டன் தியோடலைட் நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

இன்று செல்போன் செயலிகள் அட்சத்தை எட்டு தசம இலக்கம்வரை காட்டி அசத்துகின்றன. எட்டாவது இலக்கம் என்றால் ஒரு மில்லிமீட்டர். சாதாரண போன் வெட்டவெளியிலேயே சில மீட்டர் பிசகும். ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.