பழைய பேலரும் நல்ல புல்கட்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா, விஸ்கான்சின் முதலிய மாகாணங்களில் கறவை மாடுகளை நம்பி ஜீவிக்கும் விவசாயிகள், பனி மூடும் மாதங்களுக்கு வேண்டிய புல்லைக் கோடையிலேயே அறுத்து, வெயிலில் உலர்த்தி, கட்டுகளாகக் கட்டிச் சேமித்து வைக்கிறார்கள். கட்டும் பேலர் யந்திரம் பல பண்ணைகளில் மிகப் பழையது. கட்டு தளர்ந்து அவிழும்போது, யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று அதைக் கழித்துவிட நினைப்பவர்கள் உண்டு. குற்றம் பெரும்பாலும் வயதினுடையதன்று, பராமரிப்பினுடையது என்பதே என் அபிப்பிராயம்.

டிராக்டரின் விசையைப் பேலருக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுழல, வரிசையாகக் கிடக்கும் புல் வாரியெடுக்கப்பட்டு அறைக்குள் செல்கிறது. அங்கே பிளஞ்சர் என்னும் கனத்த இரும்புப் பெட்டி முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வொரு வீச்சிலும் ஒரு மடிப்பைச் சேர்த்து அமுக்குகிறது. பிளஞ்சரில் ஒரு கத்தியும், அறையின் விளிம்பில் அசையாத கத்தி ஒன்றும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருக்க வேண்டும். முனை மழுங்கி இடைவெளி அகன்றால், புல் வெட்டுப்படாமல் பிய்ந்து இழுபடும். கட்டின் ஒரு பக்கம் பிசிறாகி, மாட்டுக்குப் போடும்போது மடிப்புகள் பிரியாமல் கொத்தாக வரும். கத்தியைச் சாணை பிடித்தால் மட்டும் போதாது. பிளஞ்சரைத் தாங்கும் உருளைகள் தேய்ந்திருந்தால் அவற்றை முதலில் சரிசெய்துவிட்டே கத்தியைப் பொருத்த வேண்டும்.

யந்திரத்தின் ஜீவநாடி முடிச்சுப் போடும் பொறிதான். விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி தானியக் கதிர்களைக் கட்டுவதற்காக 1878-ல் செப்பனிட்ட பொறியின் வழித்தோன்றலே அது. பறவையின் அலகு போன்ற கொக்கி ஒன்று கயிற்றைச் சுற்றிக்கொண்டு, வாயைத் திறந்து முனைகளைக் கவ்வ, முடிச்சு வழுக்கி விழுகிறது. பனிக்காலம் முழுவதும் சும்மா கிடந்து துரு ஏறிய கொக்கியில் அது வழுக்காது; மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை தேய்க்க வேண்டும். அவிழ்ந்த கட்டின் கயிற்றை எறிந்துவிடாமல் கையிலெடுத்துப் பார்ப்பது உத்தமம்: ஒரு முனையில் மட்டும் முடிச்சிருந்தால், மற்ற முனை, கயிற்றைப் பற்றி நிறுத்தும் பிடிவட்டிலிருந்து நழுவியிருக்கலாம், முனை நைந்து அறுந்திருந்தால், வட்டு மிதமிஞ்சி இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நாள் முடிவில் அப்பொறியில் படிந்த தூசியையும் சருகையும் ஊதித் தள்ளுவது, கிரீஸ் இடுவதைப் போலவே அவசியம்.

ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் ஒடிவதற்கென்றே அமைந்த போல்ட் அடிக்கடி ஒடிகிறதென்று அதனிடத்தில் கடினமான போல்ட்டை மாட்டுகிறவர், கயிற்றை முடிச்சுப் பொறிக்குக் கொண்டுசெல்லும் விலையுயர்ந்த ஊசிகளைப் பலியிடுகிறார். அதுபோல, புல்லில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேலிருக்கையில் கட்டினால், எவ்வளவு சீரான யந்திரமும் பூஞ்சையையும் உஷ்ணத்தையும் தடுக்க இயலாது. களஞ்சியம் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ளும் அன்பர்கள் ஒன்றைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்: டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சக்கரம் முற்றிலும் ஓய்ந்த பிறகே யந்திரத்துக்குள் கை வையுங்கள்.